வாடிவீட்டு வீதிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

கல்முனையில் வாடிவீட்டு வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. நாளாந்தம் எத்தனையோ பேர் அதால் போய் வருகிறோம். ஆனால் வாடிவீடு என்றால் என்னவென்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை, "மீன்வாடி இருந்த இடம் சேர்" என்றது. இன்னொரு பிள்ளை, "வாடகை வீடு" என்றது. பின்வாங்கில் இருந்த ஒருவன், "பழசாகி வாடிப்போன வீடு" என்று சொல்ல வகுப்பே சிரித்தது.

முதலாவது பிள்ளை சொன்னதில் உண்மை உண்டு. வாடி என்பது நமக்கு அன்றாடம் பழகிய சொல். கடற்கரையில் மீன்பிடிக் காலத்துக்குப் போட்டுவிட்டுக் காலம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போகும் கொட்டில் வாடி. சிங்களத்திலும் 'வாடிய' என்றே சொல்கிறார்கள். அங்கே யாரும் நிலையாகக் குடியிருப்பதில்லை, தங்கிப் போவார்கள். வெள்ளைக்காரர் 'ரெஸ்ட் ஹவுஸ்' என்று பலகையில் எழுதியதை நமது முன்னோர் தங்களுக்குத் தெரிந்த சொல்லால் வாடிவீடு ஆக்கிக்கொண்டார்கள். துரை தங்கும் ஓட்டு வீட்டுக்கும் கரைவலைக்காரன் தங்கும் ஓலைக் கொட்டிலுக்கும் ஒரே சொல். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நல்ல மனுசன். சிங்கள மக்கள் இதே இடத்தைத் 'தானாயம' என்கிறார்கள்.

கடந்த பாடசாலை விடுமுறையில் நாங்கள் சில ஆசிரியர்கள் குடும்பத்தோடு வேன் ஒன்றில் மலைநாடு போனோம். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துபோன வீதியை இம்முறை பகலில் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். இடையில் ஓர் இரவு பெலிஹுல் ஓயா வாடிவீட்டில் தங்கினோம். அங்கே தங்கியது பற்றி எழுதத்தான் தொடங்கினோம். எழுதப் போனால் அது தவளக்காரரிலும் போர்களிலும் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் வீதியைச் சொல்ல வேண்டும். கல்முனை பிரதான வீதியில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் காலடியில் இருப்பது ஏ 4 வீதி. கொழும்பில் தொடங்கி அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல் ஓயா, பெரகல, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வந்து மட்டக்களப்பில் முடிகிறது. ஏறத்தாழ 430 கிலோமீற்றர். இலங்கையின் மிக நீளமான பெருந்தெரு இதுதான். நமது ஊர்க் கடைகளுக்கு முன்னால் போகிற அதே வீதிதான் அந்த மலையடிவார வாடிவீட்டு வாசலாலும் போகிறது. வேனில் இருந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. கிலோமீற்றர் கல்லைக் காட்டித்தான் நம்ப வைத்தோம்.

இந்த வீதிக்கு முன்னும் இங்கே ஒரு பாதை இருந்தது. அதில் போனவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். மாட்டின் முதுகில் இரு பக்கமும் பொதி தொங்கவிட்டு, கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போகும் தவளம்தான் அன்றைய லொறி. கரையிலிருந்து உப்பு, கருவாடு, துணி மேலே போகும். மலையிலிருந்து பாக்கு, மிளகு கீழே வரும். கண்டி இராச்சியத்தில் இந்தப் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்று அரச பிரிவு ஒன்று இருந்தது. அதில் முஸ்லிம்களே முக்கியமாகக் கடமை செய்தார்கள். பேராசிரியர் லோனா தேவராஜா தமது நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். உப்பு இல்லாமல் மலைநாடு இல்லை. உப்பு கடலில்தான் விளையும். போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ கரையைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் கண்டி அரசனுக்கு நமது மாட்டுக்காரன் எவ்வளவு வேண்டியவனாக இருந்திருப்பான் என்று நாமே கணக்குப் பார்க்கலாம். போர்த்துக்கேயர் தமது பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் மன்னன் ஏற்றுக்கொண்டு, 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதாக வரலாறு சொல்கிறது. அது இரக்கம் மட்டும் அல்ல, அரசனின் தேவையும்தான்.

'தாவளம்' என்று பழைய தமிழ் அகராதிகளில் பார்த்தால் 'தங்குமிடம்' என்றே பொருள் போட்டிருக்கும். மாடுகளை அவிழ்த்துவிட்டு, பொதிகளை வட்டமாக அடுக்கி, நடுவில் அடுப்பு மூட்டி இரவைக் கழித்த இடம்தான் தாவளம் என்றால், இந்த வீதியின் முதலாவது வாடிவீடு பொதிமூட்டைகளால் ஆனது. கூரை வானம்.

அதே காலத்தில் கிராமத்துச் சந்திகளில் சிங்கள மக்கள் 'அம்பலம' கட்டி வைத்திருந்தார்கள். நான்கு தூண், ஒரு கூரை, சுற்றிவர உட்காரத் திண்ணை, குடிக்க ஒரு பானைத் தண்ணீர். யாழ்ப்பாணப் பக்கம் மடம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவுக்கு மேலேயே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். இவற்றில் தங்க யாரும் பணம் கேட்கவில்லை, பெயர் பதியவும் இல்லை.

வாடிவீடு வேறு சாதி. கரையோரத்தில் ஒரு நாள் பயணத்துக்கு ஒன்றாக உத்தியோகத்தர்களுக்குத் தங்குமிடம் கட்டும் வழக்கத்தை ஒல்லாந்தர் தொடக்கிவைத்தார்கள். 1796 இல் கரையைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் தொடர்ந்தார்கள். ஆனால் மலைநாட்டுக்குள் வாடிவீடு போவதற்கு முதலில் மலைநாட்டுக்குள் படை போக வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நமது வரலாற்றில் நாம் அதிகம் பேசாத இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

ஒன்று 1802 இல் நடந்தது. புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் சிலர் கண்டி எல்லைக்குள் போய்ப் பாக்கு வாங்கினார்கள். அதைக் கண்டி அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். வியாபாரிகள் ஆங்கிலேயரின் பிரஜைகள். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் நட்டஈடு கேட்டார். பேச்சு இழுபட்டது. 1803 இல் அதையே சாட்டாக வைத்துப் படை அனுப்பினார். அந்தப் படை கண்டியில் அழிந்தது வேறு கதை. சில மூட்டைப் பாக்குக்காக ஒரு போர் என்று பாடப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். பாக்கு ஒரு சாட்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாட்டுக்கு அகப்பட்டவன் பொதிமாட்டுப் பாதையில் பிழைப்புக்குப் போன நமது ஆள்.

மற்றது நமக்கு இன்னும் கிட்டியது. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, வெல்லஸ்ஸையில் இருந்த முஸ்லிம்களை சிங்களப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்ற நம்மவரை அவர்களுக்கு முஹந்திரமாக நியமித்தார்கள். தவளப் போக்குவரத்து முழுவதும் யார் கையில் இருக்கிறது என்பது ஆங்கிலேயருக்கு நன்றாகத் தெரியும். பிரதானிகளுக்கு அது பெரும் அவமானமாகப் பட்டது. 1817 இல் ஊவா வெல்லஸ்ஸைக் கிளர்ச்சி வெடித்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த நியமனமும் ஒன்று. ஹாஜியைக் கிளர்ச்சிக்காரர் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். பதுளையில் இருந்த ஆங்கில அதிகாரி வில்சன் விசயத்தைப் பார்க்கப் போய் அம்புபட்டு இறந்தார். அதன்பிறகு ஆங்கிலப் படை வெல்லஸ்ஸையில் வயலையும் வீட்டையும் எரித்து நடத்திய அழிப்பு நாடறிந்தது.

இதை நமது மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நம்மைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்பார்கள் என்ற பயம். எங்கள் பார்வை வேறு. இரண்டு பெரிய அதிகாரங்களுக்கு நடுவில் மாட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு சிறு சமூகத்தை, புதிதாக வந்த அதிகாரம் தனது ஆளாக்கிக்கொண்டது. அந்த ஆள் உயிரைக் கொடுத்தார். அவருடைய ஆட்களில் எத்தனை குடும்பம் வெல்லஸ்ஸையை விட்டு ஓடியிருக்கும் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் வீரர் என்றும் மற்றப் பக்கத்தை மட்டும் துரோகி என்றும் எழுதுகிறவர்கள், மொனராகலைக்கும் பொத்துவிலுக்கும் இடையிலுள்ள அந்தக் காட்டுப் பாதையை ஒருமுறை பகலில் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

கிளர்ச்சி அடங்கியதும் ஆங்கிலேயருக்கு ஒன்று விளங்கியது. பாதை இல்லாத நாட்டை ஆள முடியாது. பின்னர் தேசாதிபதியாக வந்த எட்வர்ட் பார்ன்ஸுக்கு வீதி என்றால் பைத்தியம் என்றே சொல்லலாம். கொழும்பு கண்டி வீதியை டோசன் என்ற பொறியியலாளர் அமைத்தார். வேலை முற்றாக முடிவதற்கு முன் 1829 இல் இறந்துபோனார். கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அவர் நினைவுக்குத்தான். அந்த வீதியின் ஒரு துண்டை 1820 இல் 16 வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார்கள். பெயர் தோமஸ் ஸ்கின்னர். படையில் சேர்ந்த இளம் அதிகாரி, வீதிபோடும் வேலை ஒன்றும் தெரியாது. அதன்பின் 1867 வரை அவர் இந்த நாட்டில் வீதி போட்டுக்கொண்டே இருந்தார். நம் பிள்ளைகள் 16 வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு என்ன செய்வதென்று நிற்கிறார்கள். சரி, அதை விடுவோம்.

ஸ்கின்னர் கெட்டிக்காரர்தான். ஆனால் கல் சுமந்தவர் ஸ்கின்னர் அல்ல. தொடக்கத்தில் மக்களை இராஜகாரியத்தில் பிடித்து வேலை வாங்கினார்கள். அரசனுக்குச் செய்த ஊழியத்தை அப்படியே வெள்ளைக்காரனுக்குச் செய்ய வைத்தார்கள். கூலி இல்லை. 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1848 இல் டொரிங்டன் வேறு பெயரில் அதைக் கொண்டுவந்தார். 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணும் வருடத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். முதலில் பௌத்த பிக்குகளுக்கும் விலக்கு இல்லை, எதிர்ப்பு வந்த பிறகே விட்டார்கள். அந்த வருடம் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு இந்த வீதிச் சட்டமும் ஒரு காரணம். இவை போதாமல் தென்னிந்தியாவிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவந்து பயனியர் படை என்று வைத்து வேலை வாங்கினார்கள். மலேரியாவிலும் வாந்திபேதியிலும் அந்த மனிதர்கள் விழுந்த இடங்களில் கல்லும் இல்லை, பலகையும் இல்லை.

வாடிவீடுகள் இந்த வீதிகளோடு வந்தவை. கொழும்பு கண்டி வீதியில் அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828 இல் கட்டப்பட்டது என்றும், இன்றும் இயங்குகிறவற்றில் அதுவே மூத்தது என்றும் சொல்வார்கள். குதிரை களைக்கும் தூரத்துக்கு ஒன்று, மாட்டு வண்டி ஒரு நாளில் போகும் தூரத்துக்கு ஒன்று, ஆறு பெருகினால் காத்திருக்க வேண்டிய துறையில் ஒன்று என்று இடம் பார்த்துக் கட்டினார்கள். அதனால்தான் பழைய வாடிவீடுகள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ, குளக்கட்டிலோ, கணவாய் உச்சியிலோ இருக்கின்றன. இன்று நாம் 'என்ன அழகான இடம் பார்த்துக் கட்டியிருக்கிறான்' என்கிறோம். அவன் பார்த்தது தண்ணீரும் மாட்டுக்குப் புல்லும்.

கட்டட அமைப்பும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் அகன்ற விறாந்தை, உயர்ந்த ஓட்டுக் கூரை, நடுவில் சாப்பாட்டு மண்டபம், இரு பக்கமும் அறைகள், பின்னால் தனியாகக் குசினி. விறாந்தையில் கை நீண்ட சாய்மனைக் கதிரை. பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். அறைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் விலை குறித்துச் சுவரில் மாட்டியிருக்கும். வந்தவர் பெயரையும் குறைநிறையையும் எழுத ஒரு புத்தகம் இருக்கும். கடமையில் வரும் அரசாங்க உத்தியோகத்தருக்கே முதலிடம், மற்றவர்கள் அதற்குப் பிறகுதான். ஏஜென்ட் துரை சுற்றுப்பயணம் வந்தால் அந்த விறாந்தையே கச்சேரி. காணி வழக்கு, வாய்க்கால் சண்டை, சேனை வெட்ட அனுமதி எல்லாம் முற்றத்தில் கைகட்டி நின்று சொல்ல வேண்டியவை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப் எழுதிய உத்தியோக நாட்குறிப்பு நூலாக வந்திருக்கிறது. ஊர் ஊராகப் போய் விசாரணை செய்த ஓர் அதிகாரியின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் அதை வாசிக்கலாம்.

அப்படியானால் நம்மவர்கள் எங்கே தங்கினார்கள்?

நமது மூத்தாப்பாமார் வாடிவீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்ததாக எங்களுக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்திலும் கதை இல்லை. பணம் இருந்தாலும் போக மாட்டார்கள். ஒன்று, அது துரைமாரின் இடம். மற்றது சாப்பாடு. எந்தச் சட்டியில் என்ன வெந்தது என்று தெரியாது, பக்கத்து மேசையில் சாராயப் போத்தல் இருக்கும். அவர்களுக்கு வேறு வழி இருந்தது. பலாங்கொடை, பண்டாரவளை, பதுளை என்று மலைநாட்டுப் பட்டினங்களிலெல்லாம் முஸ்லிம் கடைகள் இருந்தன. கடை மூடியதும் முன் விறாந்தையில் பாய் விரித்தால் அதுதான் படுக்கை. பள்ளிவாசல் இருந்தால் அதன் ஓரத்து அறை. தைக்கா இருந்தால் கஞ்சியும் கிடைக்கும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கரும் ஒருவர் என்று சின்ன வயதில் மதரஸாவில் பாடமாக்கியிருக்கிறோம். விருந்தோம்பல் மூன்று நாள் என்ற நபிமொழியும் தெரியும். அந்தப் பாடத்தை நம்பித்தான் அந்த மனிதர்கள் கையில் ஒரு பையோடு இத்தனை மைல் போயிருக்கிறார்கள். ஜெய்லானிக்கு ஸியாரத் போகும் கிழக்கு மாகாணத்தவர்கள் இதே வழியாகத்தான் பலாங்கொடைக்குப் போனார்கள். கிடைத்த இடத்தில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, நடந்தும் கரத்தையிலும் போன கதைகள் இன்னும் வயதானவர்களிடம் இருக்கின்றன.

மன்னார்க் கரையில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த தென்னிந்தியத் தொழிலாளரின் நிலைமை நமது ஆட்களைவிட மோசம். அவர்களுக்குத் தெரிந்த கடைக்காரரும் இல்லை, தைக்காவும் இல்லை. வாடிவீட்டில் துரை சூப் குடித்துக்கொண்டிருந்த அதே இரவில் அவர்கள் மரத்தடியில் படுத்தார்கள். அந்த சூப்பின் பெயர் 'முலிகட்டோனி', நமது மிளகுதண்ணிதான் வாய் மாறி அப்படி ஆனது.

இனி எங்கள் இரவுக்கு வருகிறோம்.

பெலிஹுல் ஓயா ஹோட்டன் சமவெளிப் பக்கம் மேலே பிறந்து, கல்லும் பாறையுமாகக் குதித்து வருகிற ஆறு. வாடிவீடு அதன் கரையிலேயே, பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அஸர் நேரம். பிள்ளைகள் பையைக்கூட இறக்கவில்லை, ஆற்றுக்கு ஓடினார்கள். தண்ணீர் ஐஸ். பெரியவர்கள் வுழூச் செய்து முடிப்பதற்குள் கை விறைத்தது.

பரிமாற வந்தவர் வயதான சிங்கள மனிதர். நாங்கள் கேட்க முன்பே, "மரக்கறியும் மீனும் தனியாகச் சமைக்கச் சொல்கிறேன், முட்டையும் போடலாம், இறைச்சி வேண்டாம்தானே" என்றார். கிழக்கிலிருந்து வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்த்துப் பழகியவர். கிப்லா எந்தப் பக்கம் என்று எங்களில் ஒருவர் போனை எடுத்துத் தேட, அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிக் காட்டினார். போனும் அதையே காட்டியது. சோறு, பருப்பு, ஆற்றங்கரைக் கீரைச் சுண்டல், மீன் பொரியல், கடைசியில் கறமெல் புடிங். இந்தப் புடிங் வாடிவீடுகளின் முத்திரை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகியும் அதை யாரும் மாற்றவில்லை. நமது வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது என்பது எங்களுடன் வந்த உம்மாமாரின் ஒருமித்த தீர்ப்பு.

இரவில் ஆற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இஷா தொழுதுவிட்டு விறாந்தையில் இருந்தபோது, கொழும்புக்குப் போகும் நமது இரவு பஸ் ஒன்று லைட் அடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தது. உள்ளே எல்லாரும் தூக்கத்தில் இருப்பார்கள். பிள்ளைகள் எழுந்து கை காட்டினார்கள். எங்களில் கணக்குப் பாடம் படிப்பிக்கிறவர், பொதிமாடு ஒரு நாளைக்குப் பத்து மைல் நடக்கும் என்று வைத்தால் பொத்துவிலில் இருந்து இங்கே வர எத்தனை நாள் என்று பிள்ளைகளைக் கேட்டு அந்த நல்ல இரவிலும் பாடம் நடத்தினார்.

இவ்வளவு அழகாக இருக்கும் இந்த வாடிவீடுகளுக்கு நடுவில் ஒரு மரண காலம் வந்தது. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் கொழும்பு கண்டி வீதியில் கோப்பி ஏற்றிய வண்டிகள் காணாமல் போயின. வண்டி இல்லாவிட்டால் வாடிவீட்டுக்கு என்ன வேலை? பதுளைக்கு 1924 இலும் மட்டக்களப்புக்கு 1928 இலும் புகையிரதம் வந்தது. பிறகு மோட்டார் கார் வந்து இவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. கார்க்காரன் நினைத்த இடத்தில் நிற்பான், சாப்பிடுவான். அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் புகையிரதம் இன்றுவரை இல்லை, ஆகவே நமது பக்கத்து வாடிவீடுகள் வீதியை மட்டுமே நம்பி இருந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகும் வாடிவீடுகள் பெரிய மனிதர்களைக் கண்டன. 1954 இல் எலிசபெத் மகாராணி பொலன்னறுவை வாடிவீட்டில், பராக்கிரம சமுத்திரக் கரையில் தங்கினார். 1966 இல் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, பெயர்பெற்ற சில வாடிவீடுகள் அதன் கைக்குப் போயின. மற்றவை நகர சபை, பிரதேச சபைகளின் கையில் கிடந்தன. அவற்றில் பல குத்தகைக்குப் போய்க் குத்தகைக்கு வந்து, கடைசியில் குடிக்கிற இடம் என்ற பெயரை மட்டும் மிச்சம் வைத்தன. நமது ஊர்களில் வாடிவீடு என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான். அந்தச் சுளிப்பு நியாயமானது. ஆனால் அதோடு சேர்த்து வரலாற்றையும் குப்பையில் போட்டுவிட்டோம்.

போர் வந்தபோது வீதியோரக் கட்டடங்கள் யாருக்குத் தேவைப்பட்டன என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனையிறவில் ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையை ஆங்கிலேயர் காலத்திலிருந்து வாடிவீடாக வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் அங்கே இறங்கிக் களப்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட கதைகளை எங்கள் மூத்த ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சண்டையில் அது இல்லாமல் போனது. 200 வருடத்துக்கு மேல் நின்ற சுவர். கோட்டையாகக் கட்டப்பட்டு, வாடிவீடாகி, மறுபடி முகாமாகி, மண்ணானது. அது ஆட்களுக்குச் சோறு போட்ட காலம்தான் அதன் நல்ல காலம்.

இப்போது இவற்றைப் 'பாரம்பரிய விடுதி' என்று பெயர் மாற்றி, பழைய கதிரைகளுக்குப் பொலிஷ் அடித்து, டொலர் கணக்கில் வாடகை வாங்குகிறார்கள். அதில் எங்களுக்குக் குறை இல்லை, இடிப்பதைவிட அது மேல். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். தொப்பி போட்ட துரை, குதிரை, கொன்றுபோட்ட யானை, தேயிலை பறிக்கும் பெண். கல் உடைத்தவன் இல்லை. பொதிமாடு ஓட்டியவன் இல்லை. குசினியில் அந்தப் புடிங்கை முதன்முதலில் செய்யக் கற்றுக்கொண்ட சமையல்காரன் இல்லை.

அவர்களை யார் மாட்டப் போகிறார்கள்? விடுதிக்காரர் மாட்ட மாட்டார். வெள்ளைக்காரர் எழுதிய புத்தகங்களில் நம்மவருக்குப் பெயரே இல்லை, 'மூர்மன்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. ஹாஜி மரிக்காரின் பெயர் எஞ்சியது அவர் கொல்லப்பட்டதால்.

எங்கள் பாடசாலையில் அடுத்த தவணைக்குத் தரம் பத்து வரலாற்றுச் செயற்றிட்டமாக இதை எடுக்க முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்டால் அலுக்காமல் சொல்லுங்கள். உங்கள் மூத்தாப்பாவோ அவருடைய வாப்பாவோ தவளம் ஓட்டியவரா, கரத்தைக்காரரா? எந்த வழியால் போனார்கள், எங்கே தங்கினார்கள், எந்த ஊர்க் கடைக்காரர் பாய் கொடுத்தார்? வாடிவீட்டில் சமையலுக்கோ காவலுக்கோ இருந்த யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா? கரையோர வாடிவீடுகளின் பழைய படம் ஏதாவது அலுமாரியில் கிடக்கிறதா? மாட்டுக் கழுத்து மணி ஒன்று ஒரு வீட்டில் இருப்பதாக ஏற்கெனவே தகவல் வந்திருக்கிறது. அதைப் பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போகிறோம், இன்ஷா அல்லாஹ்.